ஒற்றைத் திறப்பும் ஓடும் எஞ்சினும்: திருகோணமலையில் ரிமோட் ஸ்டார்ட்டரும் இம்மொபிலைசரைக் கடக்கும் முறைகளும்

எஞ்சின் முடக்கி என்பது, வாகனத்துக்கு உரிய திறப்பு அருகில் இருக்கிறது என்பது உறுதியாகும்வரை எரிபொருளையோ தீப்பொறியையோ எஞ்சினுக்கு விடாமல் தடுத்து வைக்கும் மின்னணுப் பூட்டாகும். கராஜ்களில் இதனை இம்மொபிலைசர் என்ற பெயரிலேயே அழைக்கின்றனர். ரிமோட் ஸ்டார்ட்டர் எனப்படும் தொலைநிலை இயக்கியோ, உரிமையாளர் வீட்டு விறாந்தையிலோ அலுவலக மேசையிலோ இருந்தபடி ஒரு பொத்தானை அழுத்தியதும் ஆளில்லாத வாகனத்தின் எஞ்சினை ஓடச்செய்யும் கருவி. திறப்பு இல்லையேல் எஞ்சின் ஓடக்கூடாது என்பது முதலாவதன் விதி. திறப்பு தூரத்தில் இருக்கும்போதே எஞ்சின் ஓடவேண்டும் என்பது இரண்டாவதன் தேவை. இவ்விரண்டையும் ஒரே காரில் பொருத்த முனைபவர் தொழிற்சாலை வைத்த பூட்டை ஏமாற்றியோ இணங்கவைத்தோ ஆகவேண்டும். அந்த இணக்கம் எத்தனை நிமிடம் நீடிக்கிறது, அதன்பின் பூட்டு மீண்டும் பூட்டாகிறதா என்பதே இங்கு ஆராயப்படும் வினா. திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து இதனை ஆராய்வதற்குக் காரணம், இக்கருவி வளர்ந்த குளிர்நாடுகளின் நியாயங்கள் இங்கே பொருந்தாதிருக்க, அதே கருவிக்கு வேறு நியாயங்களும் வேறு ஆபத்துகளும் இங்கே உருவாகியிருப்பதே.

ரிமோட் ஸ்டார்ட்டர் பனிக்குப் பிறந்த பிள்ளை. ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு மார்கழி, தை மாதங்களில் அது ஆடம்பரப் பொருளன்று. கண்ணாடியில் உறைந்த பனியை உருக்கவும், ஆசனத்தைச் சூடாக்கவும், உறைகுளிரில் இறுகிய எஞ்சின் எண்ணெயை இளக்கவும் வீட்டுக்குள் இருந்தபடியே காரை ஓடவிடுவது அங்கே அன்றாட வழக்கம். ஜப்பானின் ஹொக்கைடோத் தீவிலும் அவ்வாறே. கார்மேட் போன்ற அந்நாட்டு நிறுவனங்கள் இதற்கென்றே கருவிகளைத் தயாரித்து விற்கின்றன. வட அமெரிக்காவில் நீண்டகாலம் வெளிக்கடைகளில் பூட்டப்பட்டு வந்த இக்கருவியை, ஜெனரல் மோட்டர்ஸ் 2004ஆம் ஆண்டுக்குரிய ஷெவர்லே மலிபு காரில் தொழிற்சாலையிலேயே வைத்து விற்றது. தொழிற்சாலையே வைக்கும்போது பூட்டும் இயக்கியும் ஒரே கணினியின் இரு கைகளாக இருப்பதால் அங்கே பூட்டைக் கடப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பிறிதொருவர் பின்னர் பொருத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

திருகோணமலையில் இதே கருவி கேட்கப்படுவது நேர்மாறான காரணத்துக்காக. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் வீசும் மாதங்களில் நகரின் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடுவது இயல்பு. உட்துறைமுக வீதியிலோ நிலாவெளிக் கடற்கரையிலோ நிழலின்றி நிறுத்திய கார் அடுப்பாகிவிடுகிறது. மூடிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் உயர்கிறது என்றும், அந்த உயர்வில் நூற்றுக்கு 80 பங்கு முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது என்றும், கண்ணாடியைச் சற்றே இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை என்றும் அமெரிக்காவின் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னரே ஏசியை ஓடவிட வேண்டும் என்ற ஆசை நியாயமற்றது அன்று. ஆனால் ஏசியின் அமுக்கி எஞ்சினின் வலுவில் சுற்றுவதால், சாதாரணப் பெற்றோல் காரில் குளிர்ச்சி வேண்டுமானால் எஞ்சினையே எழுப்ப வேண்டியிருக்கிறது. எஞ்சினை எழுப்ப முனைந்த உடனேயே இம்மொபிலைசர் குறுக்கே நிற்கிறது.

அந்தத் தடை எவ்வாறு உருவானது என்பதை அறியாமல் அதைக் கடக்கும் முறைகளை எடைபோட இயலாது. நெடுங்காலம் கார்த் திறப்பு வெறும் உலோகமாகவே இருந்தது. அதன் பல்வரிசையைப் போலப் பிறிதொன்றை அராவி எடுத்தால் போதும், அல்லது பூட்டை உடைத்து உட்புற வயர்களைச் சேர்த்தால் போதும். 1986ஆம் ஆண்டின் கோர்வெட் காரில் ஜெனரல் மோட்டர்ஸ் திறப்பின் தண்டில் ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. 15 வெவ்வேறு தடை அளவுகளில் காருக்குரிய அளவு கிடைக்காவிடில் எஞ்சின் எழாது. பிழையான திறப்பைச் செருகியவர் சில நிமிடம் காத்திருந்தே மீண்டும் முயலமுடியும். ஆயினும் மின்தடை என்பது ஓர் எண் மட்டுமே. அதை அளந்து பார்த்து அதே அளவுள்ள தடையொன்றை வயரில் சேர்த்துவிட்டால் கார் ஏமாந்துவிடும் என்பதை ரிமோட் ஸ்டார்ட்டர் பொருத்துவோர் விரைவிலேயே கண்டுகொண்டனர். இம்மொபிலைசரைக் கடக்கும் தொழிலின் முதல் அத்தியாயம் இதுவே. அரும்பெரும் நுட்பம் எதுவும் அதில் இல்லை.

அடுத்து வந்த முறையில் திறப்பின் பிளாஸ்டிக் தலைக்குள் நெல்மணி அளவுள்ள சில்லொன்று வைக்கப்பட்டது. இதற்குப் பற்றரி இல்லை. திறப்புத் துவாரத்தைச் சுற்றியுள்ள செப்புக் கம்பிச் சுருள் 125 அல்லது 134.2 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் உருவாக்கும் காந்தப்புலமே அதற்கு உயிர் கொடுக்கிறது. உயிர்பெற்ற சில்லு தன் அடையாளத்தைச் சொல்கிறது. தொடக்கத்தில் அது எப்போதும் ஒரே எண்ணைச் சொன்னது. பின்னர், கார் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணொன்றைக் கேள்வியாக அனுப்ப, சில்லு தன்னிடமுள்ள இரகசிய இலக்கத்தைக் கொண்டு அதற்குரிய விடையைக் கணித்து அனுப்பும் முறை வந்தது. விடை பொருந்தினால் மட்டுமே எஞ்சின் கணினி எரிபொருளைத் திறக்கும். இவ்வமைப்பின் சிறப்பு என்னவென்றால், வயர்களை எவ்வளவு இணைத்தாலும் விடை தெரியாதவர் எஞ்சினை ஓட்டமுடியாது. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும், எஞ்சின் எழாது, அல்லது எழுந்த மறு வினாடியே அடங்கிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 1995இல் பிறப்பித்த பணிப்புரையின்படி 1998 ஒக்டோபர் முதல் அங்கே விற்கப்படும் புதிய கார்கள் யாவற்றுக்கும் இம்மொபிலைசர் கட்டாயமாயிற்று. அவுஸ்திரேலியா 2001 ஜூலையிலும் கனடா 2007 செப்டெம்பரிலும் அவ்வழியில் சென்றன. கனடாவின் நிலை கவனத்துக்குரியது. ரிமோட் ஸ்டார்ட்டர் மிக வேண்டிய நாடும் இம்மொபிலைசரைச் சட்டத்தால் வலியுறுத்திய நாடும் ஒன்றாகவே அமைந்ததனால், இரண்டையும் இணக்கும் கருவிகளைச் செய்யும் தொழில் அங்கேயே, குறிப்பாக மொன்றியலில், வேரூன்றியது. ஃபோர்டின், ஐடேட்டாலிங்க் என்ற பெயர்கள் அவ்வூரிலிருந்தே உலகச் சந்தைக்கு வந்தன.

இந்தப் பூட்டு உண்மையில் களவைத் தடுக்கிறதா என்று ஐயுறுவோருக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் விடை தருகிறது. அங்கே இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கும் சட்டம் வரவில்லை. பெரும்பாலான உற்பத்தியாளர்கள் தாமாகவே பொருத்தினர். 2015ஆம் ஆண்டு மாதிரிகளில் ஏனைய நிறுவனங்களின் வாகனங்களுள் 96 வீதமானவற்றில் அது இயல்பாகவே இடம்பெற்றிருந்தபோது, ஹியுண்டாய், கியா மாதிரிகளில் 26 வீதமானவற்றில் மட்டுமே இருந்ததாக அந்நாட்டுக் காப்புறுதித் துறையின் தரவு நிறுவனம் கணித்தது. விளைவு 2021, 2022ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது: பதின்ம வயதினர் காணொளிகளைப் பார்த்துப் பழகி அக்கார்களை ஊர் ஊராகக் களவாடினர். பூட்டுள்ள கார், பூட்டில்லாத கார் என்ற ஒரேயொரு வேறுபாடு தெருவில் எவ்வளவு பெரியதாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. இம்மொபிலைசரை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்பவர், தம் காரைத் தாமே அந்த 74 வீதத்தின் பக்கம் தள்ளிவிடுகிறார்.

எனினும் அது உடையாத பூட்டு அன்று. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சில்லொன்றில் இருந்த 40 பிட் மறையீட்டை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தம் சகாக்களுடன் 2005இல் உடைத்துக் காட்டினர். ஹிடாக்2 என்ற 48 பிட் முறை 2012இல் வீழ்ந்தது. மெகாமொஸ் முறையின் குறைபாட்டைப் பற்றிய ஆய்வை ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட முனைந்தபோது வொக்ஸ்வாகன் பிரித்தானிய உயர்நீதிமன்றத்தை நாடித் தடை பெற்றது. கட்டுரை இரண்டாண்டு கழித்து 2015இலேயே வெளிவந்தது. 2020இல் டொயோட்டா, கியா, ஹியுண்டாய் கார்கள் சிலவற்றில் மேம்பட்ட மறையீடு இருந்தும், இரகசிய இலக்கத்தை ஊகிக்க எளிதான வகையில் அமைத்திருந்தமை வெளிப்பட்டது. இவை அறிவியல் வரலாற்றுக்கு முக்கியமானவையே; ஆனால் திருகோணமலையில் ஒரு கார் களவுபோவதற்கு இத்தகைய நுண்கணிதம் தேவைப்படும் என்று அஞ்சுவது பொருத்தமன்று. அங்கே பூட்டு பலவீனமாவது பெரும்பாலும் உரிமையாளரின் சம்மதத்துடன், கராஜில், பட்டப்பகலில்.

ரிமோட் ஸ்டார்ட்டர் பொருத்துவோர் இம்மொபிலைசரைக் கடக்கக் கையாளும் வழிகளுள் மிகப் பழையது திறப்புப் பெட்டி முறை. காருக்குப் பழக்கப்படுத்திய இரண்டாவது திறப்பொன்று, அல்லது அதன் சில்லு மட்டும், சிறு பெட்டியொன்றில் கம்பிச் சுருளுடன் வைக்கப்பட்டு டாஷ்போர்டின் உட்புறத்தில் மறைக்கப்படுகிறது. அச்சுருள் திறப்புத் துவாரத்தின் சுருளுடன் சேர்வது ஒரு ரிலேயின் வழியாக; ரிமோட்டிலிருந்து கட்டளை வரும்போது மட்டும் ரிலே மூடி இரண்டையும் சேர்க்கிறது, கார் தன் திறப்பு துவாரத்தில் இருப்பதாக எண்ணி இணங்குகிறது. எஞ்சின் நின்றதும் ரிலே விலக, பெட்டியில் இருக்கும் திறப்பு காருக்குக் கேட்காத ஊமையாகிவிடுகிறது. இம்முறையில் பூட்டு அழிவதில்லை. ஆனால் காரின் திறப்பு காருக்குள்ளேயே இரவும் பகலும் கிடக்கிறது என்ற உண்மை மறைவதுமில்லை. அது எங்கே இருக்கிறது என்று அறிந்த ஒருவர், முதலாவதாகப் பொருத்திய மெக்கானிக், அதைக் கைக்குள் வைத்திருப்பவராகவே ஆகிறார்.

இரண்டாவது வழி தரவுத் தொகுதி முறை. புதிய கார்களில் கதவு, எஞ்சின், கியர், தடுப்பு ஆகியவற்றின் கணினிகள் அனைத்தும் பொதுவான இரு வயர்களில் ஒன்றோடொன்று பேசுகின்றன. பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய இந்த உரையாடல் முறைக்குக் கான் என்று பெயர். தரவுத் தொகுதி அவ்வயர்களில் தன்னைச் சேர்த்துக்கொண்டு, பொருத்தும் வேளையில் உரிய திறப்பை ஒருமுறை காட்டி அனுமதி பெற்று, பின்னர் ரிமோட் அழைக்கும்போது மட்டும் அந்த அனுமதியைக் காரிடம் எடுத்துரைக்கிறது. காருக்குள் திறப்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தி எழுப்பும் கார்களில் சுக்கான் பூட்டையும் இதே உரையாடல் வழியாகவே விடுவிக்க வேண்டியிருப்பதால், அவற்றுக்கு இம்முறையே பெரிதும் பொருந்துகிறது. நன்கு அமைந்த தொகுதியில் மற்றொரு காவலும் உண்டு: ஆளில்லாது ஓடிக்கொண்டிருக்கும் காரில் ஒருவர் ஏறி பிரேக்கை மிதிக்கும்போது உண்மையான திறப்பு அருகில் இல்லையெனில் எஞ்சின் தானாக நின்றுவிடும். கான் வயர்களுக்குள் பொய்ச் செய்தி அனுப்பிக் காரைத் திறக்கும் களவு 2022இல் இலண்டனில் ஒரு டொயோட்டாவில் நிகழ்ந்து, அடுத்த ஆண்டு விரிவாக ஆராயப்பட்டது. அதே பாதையைத்தான் இத்தொகுதியும் பயன்படுத்துகிறது என்பதை மறைப்பதற்கில்லை. இரண்டையும் வேறுபடுத்துவது, திறப்பைக் காட்டிப் பெற்ற அனுமதி ஒன்றே.

மூன்றாவது வழியை வழி என்று அழைப்பதே பெருந்தன்மை. ரிலேயும் வேண்டாம், தொகுதியும் வேண்டாம் என்று, இரண்டாவது திறப்பின் சில்லைத் துவாரச் சுருளின் அருகில் நிரந்தரமாக ஒட்டிவிடுவதோ, எஞ்சின் கணினியின் நினைவகத்தை மாற்றி இம்மொபிலைசரை அடியோடு நீக்கிவிடுவதோ மலிவானது, விரைவில் முடிவது. வாடிக்கையாளரின் கண்ணுக்கு விளைவில் வேறுபாடு எதுவும் தெரியாது. அதன்பின் அந்தக் கார் 1980களின் காராகிவிடுகிறது. திறப்பைத் தொலைத்த ஒருவர் காரைத் திரும்ப ஓட்டமுடியாமல் தவிக்கும்போது கணினியிலிருந்து பூட்டை நீக்கித் தருவது பழுதுபார்ப்பாக நியாயப்படலாம். பத்து நிமிடக் குளிர்ச்சிக்காக அதைச் செய்வது நியாயப்படாது. முறைகளைத் தரம்பிரிக்கக் கேட்க வேண்டிய கேள்வி பூட்டு திறக்கிறதா என்பதன்று, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதே. தரவுத் தொகுதியில் பத்து நிமிடம். திறப்புப் பெட்டியிலும் பத்து நிமிடமே, இருப்பினும் திறப்பு உள்ளேயே கிடக்கிறது. ஒட்டிய சில்லில் ஆயுள் முழுவதும்.

இவ்வளவும் எந்நாட்டுக்கும் பொது. இலங்கையில் இதைத் திரித்துவிடுவது ஒரு சின்னப் பொருளாதார உண்மை: இங்கு ஓடும் கார்களுள் பெருந்தொகையானவை ஜப்பானில் ஓரிரு ஆண்டு பயன்பட்டு ஏலத்தில் விடப்பட்டு, ரீகண்டிஷன் என்ற பெயருடன் கொழும்பிலும் ஹம்பாந்தோட்டையிலும் இறங்குபவை, அத்தகைய கார்கள் பல ஒற்றைத் திறப்புடனேயே வருகின்றன. (உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகம் இருந்தும் திருகோணமலையில் இறங்குவது கோதுமையும் சீமெந்துக்கான மூலப்பொருளும் எரிபொருளுமே, கார் மட்டும் தீவைச் சுற்றி வந்து கொழும்பிலிருந்து A6 வீதி வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர் ஓடி ஊர் சேர்கிறது.) திறப்புப் பெட்டி முறைக்கு இரண்டாவது திறப்பு கட்டாயம். இரண்டாவதைச் செய்து காருக்குப் பழக்கப்படுத்துவதற்கு உரிய கருவியும் செலவும் வேண்டும். ஸ்மார்ட் திறப்புகளுக்கு அது இன்னும் கூடும். ஆகவே, இருப்பது ஒன்றே ஆகையால் அதன் சில்லைப் பிரித்துக் காருக்குள் ஒட்டிவிட்டு, உலோகத் தண்டை மட்டும் வாடிக்கையாளரிடம் தரும் சபலம் எழுகிறது. முதலில் திறப்பு, பிறகு ரிமோட் என்ற வரிசையை மாற்றுபவர் எவரும் மலிவாக முடித்ததாகக் கருதக்கூடாது.

தரவுத் தொகுதிக்கும் இங்கே தடை உண்டு. மொன்றியல் தொகுதிகள் ஒவ்வொரு கார் மாதிரியின் உரையாடலையும் தனித்தனியே கற்றுவைத்திருப்பவை. அவை கற்றது வட அமெரிக்காவில் விற்ற மாதிரிகளை. இலங்கையர் விரும்பும் டொயோட்டா அக்குவா அங்கே பிரியஸ் சி என்ற பெயரிலும், விட்ஸ் யாரிஸ் என்ற பெயரிலும், ஹொண்டா வெசல் எச்ஆர்வி என்ற பெயரிலும் விற்கப்பட்டன. ஆனால் வாகன்ஆர், அக்ஸியோ, அலியன், பிறிமியோ ஆகியவை அச்சந்தைக்குச் செல்லவே இல்லை. பெயர் ஒத்த கார்களிலும் ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான வயரமைப்பு வேறாக இருக்கக்கூடும். ஜப்பானியத் திறப்புகளின் வானொலி 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டி இயங்க, ஐரோப்பியத் திறப்புகள் 433 மெகாஹேர்ட்ஸைக் கைக்கொள்கின்றன என்பதும் இந்தக் குழப்பத்துடன் சேர்கிறது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் அன்புடன் கொண்டுவரும் பெட்டி, கன்னியா வீதிக் கராஜில் பயனற்றுக் கிடக்க நேர்வது இதனாலேயே. ஜப்பானிலிருந்து வரும் காரிலேயே அந்நாட்டு ரிமோட் ஸ்டார்ட்டர் பூட்டப்பட்டிருக்கவும் இடமுண்டு. அதற்குரிய ரிமோட் கடல் கடக்காமல் விட்டுப்போனால், எவருக்கும் தெரியாத ஒரு வயர்க்கொத்து மட்டும் டாஷ்போர்டுக்குள் எஞ்சியிருக்கும்.

கியர் வகை இன்னும் கடுமையான எல்லை. தானியங்கிக் கியரில் பார்க் நிலையை உறுதிசெய்யும் ஆளி இருப்பதால் கார் நகராது என்று ரிமோட் ஸ்டார்ட்டர் நம்பலாம். கைக்கியர் வாகனத்தைச் சரிவில் நிறுத்தும் சாரதிகள் முதலாம் கியரில் விட்டுச்செல்வது வழக்கம். அதைத் தொலைவிலிருந்து எழுப்பினால் எஞ்சின் சுற்றும் முன்பே வாகனம் முன்னே பாயும். ஓர்ஸ் ஹில் போன்ற மேட்டுத் தெருக்களில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆல்டோ கார்களும் பயணிகள் வான்களும் பெரும்பாலும் கைக்கியராகவே ஓடும் மாவட்டத்தில், இக்கருவி பொருந்தும் வாகனத் தொகை உள்ளபடியே சிறியது. பொனற் திறந்திருக்கும்போது எஞ்சின் எழாமல் தடுக்கும் ஆளியும் தவிர்க்க முடியாதது. விசிறியின் அருகில் கைவைத்திருக்கும் மெக்கானிக்கின் விரலுக்கு அந்தச் சிறு ஆளியே காப்பு. உப்புக்காற்றில் பச்சை பூக்கும் செப்பு முனைகள் இந்த ஆளிகளையே முதலில் கெடுக்கின்றன என்பதால், கடலோரத்தில் பொருத்திய வேலையை ஆண்டுக்கொரு முறையேனும் திறந்து பார்க்க வேண்டும்.

திருகோணமலைக்கே உரிய மற்றோர் அம்சம் அது படைமுகாம்களின் ஊர் என்பது. கடற்படையின் கிழக்குத் தலைமையகம் தளத்துறையில் இருக்கிறது. சீனன்குடாவில் விமானப்படைத் தளம். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியே இராணுவம் தங்கியுள்ள பிரட்றிக் கோட்டை வாசலினூடாகத்தான். போர்க்காலத்தில் ஆளில்லாத வாகனம் என்பதே அச்சத்தின் மறுபெயராக இருந்தது. 2009இல் போர் முடிந்த பின்னரும் அந்த நினைவு முற்றாக அகலவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்கு மறுநாள் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தருகே நிறுத்தியிருந்த வான் வெடித்ததையடுத்து, வாகனத்தை நிறுத்திச் செல்வோர் தொடர்பு இலக்கத்தைக் கண்ணாடியில் வைத்துச் செல்லும்படி நாடெங்கும் கேட்கப்பட்டது. இத்தகைய மண்ணில், வரிசையாக நிற்கும் வாகனங்களுள் ஒன்று ஆளின்றித் தானே உறுமி எழுவது கனடியத் தெருவில் நிகழ்வதைப் போன்ற அற்பச் செயலன்று. கோட்டையடியில் நிழலுக்கு ஒதுங்கும் புள்ளிமான்கள் மிரள்வது ஒருபுறமிருக்க, காவலில் நிற்பவர் மிரளக்கூடாது என்பதே முக்கியம். ரிமோட்டின் வீச்சு எவ்வளவு நீண்டிருந்தாலும், தன் கண்ணுக்கு எட்டாத காரை எழுப்பாதிருப்பது இவ்வூரில் வெறும் நாகரிகத்தைவிடச் சற்றுக் கூடியது.

எரிபொருளின் கணக்கையும் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஓடும் சிறு பெற்றோல் கார் மணிக்கு ஏறக்குறைய அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை குடிக்கும். ஏசி ஓடினால் அது கூடும். நாளுக்கு இருமுறை பத்துப் பத்து நிமிடமாக ஆறு நாள் ஓடவிட்டால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதாவது குறைந்தது ஒரு லீற்றர், பெரும்பாலும் இரண்டை நெருங்கும். இது சொற்பமே என்று தோன்றும். 2022 ஜூலையில் எரிபொருள் தட்டுப்பாட்டினால் கியூஆர் அட்டை முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றரும் ஓட்டோவுக்கு 5 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றருமே பங்கிடப்பட்டன என்பதை நினைவுகூர்ந்தால், அந்த இரண்டு லீற்றர் காரின் பங்கில் பத்திலொன்று, ஓட்டோக்காரரின் பங்கில் ஐந்தில் இரண்டு. பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் சீனன்குடாக் காட்டில் நிற்க, அவற்றின் நிழலிலேயே மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற ஆண்டு அது.

சட்டத்தின் பக்கம் இவ்விடயம் சிதறிக் கிடக்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பதியப்படுவன எஞ்சின் இலக்கம், சட்டக இலக்கம், நிறம் போன்ற விவரங்களே. இம்மொபிலைசர் இருக்கிறதா நீக்கப்பட்டதா என்பது பதிவுப் புத்தகத்தில் ஏறுவதில்லை. அலை பரப்பும் கருவி என்ற வகையில் ரிமோட், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அதிகாரத்துக்குள் வருகிறது. நடைமுறையில் இவற்றினும் வலுவானவை இரு ஒப்பந்தங்கள்: காப்புறுதியும் லீசிங்கும். முழுக் காப்புறுதி பெற்றவர் வாகனத்தில் செய்த மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டியிருப்பது பொதுவான நிபந்தனை. களவுபோன காரின் இழப்பீடு கோரப்படும்போது எல்லாத் திறப்புகளையும் கையளிக்கும்படி நிறுவனம் கேட்குமானால், டாஷ்போர்டுக்குள் இருந்த திறப்பு காருடனேயே போய்விட்டது என்று சொல்ல நேர்வது சங்கடமான நிலை. லீசிங்கில் உள்ள காரின் முழு உரிமையாளர் நிதிக் கம்பெனியே ஆகையால், தவணை முடியாத காரின் பூட்டை மாற்றுபவர் பிறர் பொருளின் பூட்டையே மாற்றுகிறார்.

குளிர்ந்த காரில் ஏறுவதே நோக்கமாயின், பூட்டைத் தொடாமலேயே அதை அடையும் வழிகள் வந்துவிட்டன. 2009இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸில், திறப்பிலுள்ள பொத்தானால் எஞ்சினை எழுப்பாமல் கலப்பினப் பற்றரியின் மின்சாரத்தைக் கொண்டே ஏசியை மூன்று நிமிடம் வரை ஓட்டும் வசதி இருந்தது. எஞ்சின் எழாததால் இம்மொபிலைசருக்கு அங்கே வேலையே இல்லை, புகையுமில்லை. வீட்டு முகப்பில் ஓடும் காரின் காபனோரொட்சைட்டு அருகிலுள்ள அறைக்குள் புகுவது பற்றிய கவலையும் அதனால் எழுவதில்லை. மூன்று நிமிடம் என்ற எல்லை இறுக்கமாகத் தோன்றினாலும், நான்கு கண்ணாடிகளையும் இறக்கி முதல் ஒரு நிமிடம் ஓட்டிச்செல்வது வெப்பத்தில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடுகிறது என்ற எளிய பழக்கத்துடன் சேரும்போது, அது போதுமானதே. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபின் வந்துசேரும் மின்கார்களில் உற்பத்தியாளரின் செயலி மூலம் தொலைவிலிருந்து ஏசியை இயக்கலாம். அங்கே திறப்பின் ஒரு பகுதி தொலைபேசிக்கும் மற்றொரு பகுதி தொலைநாட்டுக் கணினிக்கும் இடம்பெயர்ந்துவிட்டது, அது தனி ஆய்வுக்குரிய வேறொரு வினா.

ஆனால் இன்று திருகோணமலையில் ஓடும் கார்களுள் பெரும்பாலானவை அத்தகையவை அல்ல. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டபின் ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலம் புதிய வரத்து இன்றி, இருந்த கார்களே கைமாறிக் கைமாறி விலையேறின. அவ்வாறு கைமாறும்போது உரிமை மாற்றப் படிவமும் வாகன வருமான அனுமதிப்பத்திரமும் கவனமாகச் சரிபார்க்கப்படுகின்றன. டாஷ்போர்டின் கீழுள்ள மூடியை எவரும் கழற்றிப் பார்ப்பதில்லை. முதல் உரிமையாளர் பொருத்திய ரிமோட் ஸ்டார்ட்டர் பழுதாகி ரிமோட்டும் தொலைந்த பின்னரும், அதற்காக வைத்த பெட்டி உள்ளேயே இருக்கும். மூன்றாவது கைக்கு அந்தக் கார் வரும்போது, ஒரு திறப்புத்தான் உண்டு என்று விற்பவர் சொல்வதும் அதை வாங்குபவர் நம்புவதும் இயல்பே. இரண்டாவது, சுக்கான் தண்டின் அருகே, கறுப்பு நாடா சுற்றப்பட்டுக் கிடக்கிறது.